மாதம் 2,000 ரூபாய், ஐந்து பேர்: திரையரங்கா, கடற்கரையா, காஞ்சிபுரமா?

சென்னை குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் நானும் கணவரும், பத்து வயது மகளும், ஆறு வயது மகனும், மாமியாருமாக ஐந்து பேர். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து என்று எல்லாம் போன பிறகு, குடும்பத்தோடு வெளியே போய் மகிழ்ந்து வருவதற்கென்று மாதம் 2,000 ரூபாயை ஒதுக்கி வைக்கிறோம். அந்தத் தொகையை அவசரச் செலவுக்குக்கூடத் தொடுவதில்லை என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டுப்படுவது குடும்பத்தின் சந்தோஷம்தான் என்பதைப் பிறந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பணத்தை எங்கே செலவழித்தால் ஐந்து பேருக்கும் நிறைவு கிடைக்கிறது என்பதை ஓராண்டாக ஒரு நோட்டில் குறித்து வந்தேன். இந்த ஒப்பீடு அந்தக் கணக்கிலிருந்து எழுதப்பட்டது.

முதலில் மல்டிபிளெக்ஸ். ஞாயிறு மாலைக் காட்சிக்கு நாங்கள் போனபோது ஒரு சீட்டு 191 ரூபாய் வீதம் 955 ரூபாய், இணையத்தில் முன்பதிவு செய்ததற்கான கட்டணம் 177, இடைவேளையில் வாங்கிய பாப்கார்னும் குளிர்பானமும் 690, போக வர ஆட்டோ 220, ஆக 2,042 ரூபாய் ஆயிற்று. மாத ஒதுக்கீடு முழுவதும் ஒரே மாலையில் தீர்ந்து, மேலே 42 ரூபாய் கைக்கடனும் ஆனது. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, படம் பார்ப்பதற்கான விலை மொத்தத்தில் பாதிக்கும் குறைவு என்பதுதான். சீட்டு விலைக்குத் தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, பாப்கார்னுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. குளிர்சாதன வசதி, பெரிய திரை, மாமியாரின் முழங்காலுக்கு இதமான நாற்காலி ஆகிய மூன்றும் உண்மையான சுகங்கள் என்பதை மறுக்க மாட்டேன். சித்திரை வெயிலில் அந்த மூன்று மணி நேரக் குளிர்ச்சிக்கே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் மகன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தூங்கிவிட்டான்.

இதே திரைப்பட ஆசையைப் புறநகரில் உள்ள ஒற்றைத் திரை அரங்கின் காலைக் காட்சியில் தீர்த்துக்கொண்டபோது செலவு 800 ரூபாயோடு நின்றது. கவுன்டரில் நேரே சீட்டு வாங்கியதால் முன்பதிவுக் கட்டணம் இல்லை. நடந்தே போகும் தூரம் என்பதால் ஆட்டோவும் இல்லை. இடைவேளையில் பப்ஸும் தேநீரும் 150 ரூபாய்க்குள் முடிந்தன. இருக்கையின் பஞ்சு நைந்திருந்தது, ஒலி சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து விசிலடித்துப் பார்க்கும் குதூகலம் அங்கேதான் கிடைத்தது. எனவே திரையரங்கு என்றால் எங்கள் தேர்வு இதுதான், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐவரும் பார்க்க விரும்பும் படமாக இருந்தால் மட்டும்.

அடுத்தது மெரினா. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறி, திருவல்லிக்கேணியில் இறங்கினால் பெரியவருக்குப் பத்து ரூபாய், பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம் என்று ஐவருக்கும் போக வர 80 ரூபாய்தான். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஆளுக்கொரு பொட்டலம், இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி, மகனுக்கு ராட்டினம், மகளுக்கு பலூன் சுடுதல், திரும்பும்போது தேநீர் என்று ரயில் கட்டணத்தோடு எல்லாம் சேர்ந்து 420 ரூபாய். மல்டிபிளெக்ஸ் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான தொகையில், பிற்பகல் நான்கு மணி முதல் இரவு எட்டு மணி வரை பிள்ளைகள் ஓயாமல் ஓடி விளையாடினார்கள்.

ஆனால் விலை குறைவு என்பதாலேயே கடற்கரையை முதலிடத்தில் வைத்துவிட முடியாது என்பதை முதல் தடவையே உணர்ந்தேன். மெரினாவின் மணற்பரப்பு மிக அகலமானது. சாலையோரத்திலிருந்து அலை வரை மணலில் கால் புதைய நடப்பது முழங்கால் வலி உள்ளவருக்குத் தண்டனைக்குச் சமம் என்பதால், மாமியார் நடைபாதைத் திண்டிலேயே எங்கள் செருப்புகளுக்குக் காவலாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஐவரும் போனதாக நோட்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் மகிழ்ந்தவர்கள் நால்வர்தான்.

அடுத்த முறை விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2022-ல் மாநகராட்சி அமைத்த மரப்பாதை வழியாக அவரை அழைத்துச் சென்றோம். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு, பலகை மேல் அடி அடியாக நடந்து, பாதை முடியும் இடத்தில் நின்று உப்புக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டவர், எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அலையை இவ்வளவு அருகில் பார்ப்பதாகச் சொன்னார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ல் கட்டப்பட்டதுதான் எதிரில் இருந்த அந்த வட்டக் கட்டடம் என்று கணவர் சொன்னபோது, ஐஸ் ஹவுஸ் என்ற அதன் பழைய பெயர் எப்படி வந்தது என்பது மகளுக்கு அன்றுதான் புரிந்தது. அந்த மாலையின் செலவும் 420 ரூபாய்தான். முதல் பயணத்துக்கும் இரண்டாம் பயணத்துக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் இல்லை; போகும் முன் ஒரு பத்து நிமிடம் யோசித்ததில் இருந்தது.

மழை நாளுக்கும் கடும் வெயிலுக்கும் ஏற்ற போட்டியாளர்கள் இரண்டு: வீட்டில் ஓ.டி.டி., வெளியே நூலகம். ஓ.டி.டி. சந்தா மல்டிபிளெக்ஸோடு ஒப்பிட்டால் மலிவுதான், வீட்டை விட்டு நகரவும் வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது என்னவென்றால், மகள் ஒரு கைபேசியிலும், மகன் இன்னொன்றிலும், மாமியார் தொலைக்காட்சியிலும் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்தார்கள். நான் நாள் முழுவதும் அடுக்களையில் இருந்தேன். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும், பார்வையற்றோருக்கு பிரெய்லி பிரிவும், நம்முடைய சொந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்று அமர்ந்து படிக்கத் தனி இடமும் அங்கே இருக்கின்றன. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது என்பதால், நூலகத்தை இலவசம் என்று சொல்வதைவிட ஊரார் ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட இடம் என்று சொல்வதே பொருத்தம். போகாமல் இருப்பதுதான் நட்டம். ரயிலும் பேருந்துமாகப் போகும்போது, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், எங்கள் ஐவரில் மூவருக்குப் பேருந்துச் செலவே இல்லை. நூலகத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும்: ஆறு வயதுப் பையனை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கே பேசாமல் உட்கார வைக்க முடியாது. ஆகவே இது ஒரு நாள் முழுவதற்கான பயணம் இல்லை, ஒரு பிற்பகலுக்கானது.

முழு நாள் வெளியூர்ப் பயணம் என்று வரும்போதுதான் ஒப்பீடு சுவாரசியமாகிறது. நகருக்கு வெளியே உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்கள் எங்கள் நோட்டில் இடம்பெறவே இல்லை. அங்கே பெரியவர் ஒருவருக்கான நுழைவுச் சீட்டே எங்கள் மாத ஒதுக்கீட்டில் பாதியை ஒட்டி வருகிறது. எஞ்சியவை மாமல்லபுரமும் காஞ்சிபுரமும்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்கத் தொல்லியல் துறை பெரியவருக்கு 40 ரூபாய் வாங்குகிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்களுக்கு 120 ரூபாய்தான். அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தைச் சாலையிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையையும் அதன் காலடியில் உள்ள எலிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் அங்கே ரயில் கிடையாது. விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருந்தது. சுற்றுலாத் தலம் என்பதால் சாப்பாட்டு விலையும் கையைக் கடித்தது. மொத்தச் செலவு 1,350 ரூபாய்.

காஞ்சிபுரத்துக்குத் திருமால்பூர் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையிலிருந்து மாறாமல் போகலாம். ஐவருக்கும் போக வர ரயில் கட்டணம் 200 ரூபாய்க்குள் அடங்கியது. ஊருக்குள் ஆட்டோவும் காபி, தேநீரும் சேர்த்து மொத்தம் 640 ரூபாய் ஆனது. செங்கல்பட்டைத் தாண்டியதும் வண்டியில் கூட்டம் குறைந்து, சன்னலோர இருக்கைகள் ஐவருக்கும் கிடைத்துவிடுகின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில் நுழைவுக் கட்டணம் இல்லை. புல்வெளியில் பிள்ளைகள் ஓடலாம். திருச்சுற்றை ஒட்டிய 58 சிற்றாலயங்களை மகன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, நாற்பதுக்கு மேல் குழம்பிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். சில மாடங்களில் பழைய ஓவியத்தின் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதை மகள்தான் முதலில் பார்த்தாள். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் குனிந்தும் தவழ்ந்தும் போய் மறுபக்கம் வந்த குதூகலத்தைப் பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

கணக்கின்படி இந்தப் பயணம் எல்லாவற்றையும் வென்றிருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு நோட்டில் கணவர் 'உணவு: 0 ரூபாய், கட்டுச்சோறு' என்று எழுதியதைப் பார்த்த மாமியார், "சைபர்னு போட்டிருக்கியேடா, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்தவெச்சவளுக்குக் கணக்குல எந்த இடத்துல எழுதுவ?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஐந்து பேருக்கான புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர்ப் புட்டிகள் என்று நான் மூன்று மணி நேரம் நின்றிருந்தேன். கோயிலில் எல்லோரும் சிற்பம் பார்த்தபோது எனக்குக் கண் சொக்கியது. வீடு திரும்பிய பின் பாத்திரங்கள் வேறு காத்திருந்தன. குறைந்த செலவில் நிறைந்த மகிழ்ச்சி என்று பலரும் தரும் யோசனைகளில் பெரும்பாலானவை, வீட்டில் சமைப்பவளின் உழைப்புக்கு விலை போடாததால்தான் மலிவாகத் தெரிகின்றன. மல்டிபிளெக்ஸ் போன அன்று நான் கையில் கரண்டி பிடிக்கவில்லை என்பதையும் அதே நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒப்பிடும் முறையை மாற்றினோம். ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே பணத்தோடு கூட, யாருக்கு எவ்வளவு வேலை என்பதையும் எழுதுகிறோம். இரண்டாம் முறை காஞ்சிபுரம் போனபோது எலுமிச்சை சாதம் கணவரின் பொறுப்பு. தண்ணீரும் தட்டும் பிள்ளைகளின் பொறுப்பு. காலை உணவை அங்கேயே வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, மூங்கில் குடலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லியை வட்டவட்டமாக நறுக்கி இலையில் வைத்துச் சுடச்சுடக் கொடுத்தார்கள். அதற்கு ஆன 260 ரூபாயைக் கணவர் செலவு என்று எழுதினார். நான் அதைச் சம்பளம் என்று திருத்தினேன். அப்படியும் மொத்தம் 900 ரூபாய்தான். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதால் காலை முதல் வண்டியைப் பிடிப்பது அவசியம்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்புகளைத் தனியே சொல்ல வேண்டும். மார்கழியில் சென்னையின் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. இளம் பாடகர்களை முன்வரிசையில் அமர்ந்து கேட்கலாம், ஆனால் பிள்ளைகள் நெளிவார்கள் என்பதால் நானும் மாமியாரும் மட்டும் போனோம். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமம் கலை விழாவில் நிலைமை நேர்மாறு: பறையடி தொடங்கியதுமே மகன் கூட்டத்துக்கு முன்னால் போய் ஆடத் தொடங்கிவிட்டான், நாங்களும் தடுக்கவில்லை.

இப்போது எங்கள் மாதம் பெரும்பாலும் ஒரு கடற்கரை மாலை, இரண்டு நூலகப் பிற்பகல்கள் என்று 600 ரூபாய்க்குள் முடிகிறது. மீதியைச் சேர்த்து, வெயில் தணிந்த கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் வெளியூர் போகிறோம். மல்டிபிளெக்ஸை நாங்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை, மாமியாரின் பிறந்த நாளுக்கு மட்டும் போகிறோம். பாப்கார்னை அன்று ஒரே ஒரு வாளி வாங்கி ஐவரும் பகிர்ந்துகொள்கிறோம். வரும் தை மாதம் மூன்றாம் முறையாகக் காஞ்சிபுரம் போக இருக்கிறோம். திருமால்பூர் வண்டிகள் நாளொன்றுக்குச் சிலதான் என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தை மகள் இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள், சிற்றாலயங்கள் 58-ஐயும் இந்த முறை எண்ணி முடித்துவிடுவதாகத் தம்பி அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.