கார் இல்லாமல் பிரிட்டனில்: லண்டனா, லீட்ஸா, மான்செஸ்டரா, எடின்பரோவா?

பிரிட்டனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதில், வாடகைக்கு அடுத்த கேள்வி இதுதான்: "கார் இல்லாம சமாளிக்க முடியுமா?" எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை. ஒரே நாடுதான். ஆனாலும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அனுபவம் ஊருக்கு ஊர் அவ்வளவு மாறுகிறது.

முதல் மூன்று வருடம் நான் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். அங்கே பஸ்ஸுக்கு நேரம் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பியதாக நினைவே இல்லை. போய் நிற்பேன், சிவப்பு டபுள் டெக்கர் வரும், கார்டைத் தட்டிவிட்டு ஏறுவேன். அப்புறம் வேலை லீட்ஸுக்கு மாறியது. வந்த முதல் நவம்பரில், காலை ஆறு மணி ஷிஃப்டுக்காக ஐந்தேகாலுக்கு ஸ்டாப்பில் நின்றேன். மின்பலகையில் இன்னும் 4 நிமிடம் என்று இருந்தது. 2 ஆனது, 1 ஆனது, பஸ் வந்துவிட்டது என்றும் காட்டியது. ரோட்டில் ஒரு ஹெட்லைட் வெளிச்சம்கூட இல்லை. அந்த வரி அப்படியே அழிந்து, அடுத்த பஸ் 31 நிமிடம் என்று வந்தது. பக்கத்தில் ஒரு அம்மா, துப்புரவு வேலைக்குப் போகிறவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரத்துல ரெண்டு நாள் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நானும் கூடவே நடந்தேன். நாற்பது நிமிடம். பலகையில் வந்து ரோட்டில் வராத பஸ்ஸுக்கு இங்கே 'கோஸ்ட் பஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடிப்போனால் ஒரு சட்டத்தில் போய் நிற்கும். மார்கரெட் தாட்சர் ஆட்சியில், நிக்கலஸ் ரிட்லி போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வந்த 1985-ஆம் வருடப் போக்குவரத்துச் சட்டம். 1986 அக்டோபர் 26 முதல் பஸ் ஓட்டுவது திறந்த சந்தை ஆனது. உரிமம் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியும், பஸ் உரிமங்களைக் கவனிக்கும் அதிகாரியான டிராஃபிக் கமிஷனரிடம் சில வாரம் முன்னால் பதிவு செய்துவிட்டு, தனக்குப் பிடித்த ரூட்டில், பிடித்த நேரத்தில், பிடித்த கட்டணத்தில் ஓட்டலாம். லாபம் இல்லையென்றால் அதே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடலாம். கம்பெனிகள் விட்ட இடைவெளியை மட்டும் உள்ளாட்சி தன் காசைப் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு கொடுமை உண்டு. கூட்டம் அலைமோதும் ரூட்டின் லாபம் கம்பெனிக்குப் போகும், ஆள் குறைந்த ரூட்டின் நஷ்டம் ஊர்க் கணக்கில் விழும். ஒன்றைக்கொண்டு இன்னொன்றை ஓட்ட வழியே இல்லாமல் போயிற்று.

இந்தச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து முழுக்க வந்தது, லண்டனைத் தவிர. தலைநகரில் எந்த ரூட், எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அரசு அமைப்பின் கையிலேயே இருந்தது. கம்பெனிகள் டெண்டர் எடுத்து வண்டியை ஓட்டிக் கொடுத்தால் போதும். 2000-லிருந்து அந்த வேலையைப் பார்ப்பது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன். 1986-க்கு அடுத்த முப்பது வருடத்தில் லண்டன் பஸ் பயணங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின. மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம் மாதிரியான பெருநகரப் பகுதிகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இன்று இங்கிலாந்தில் நடக்கும் பஸ் பயணங்களில் பாதி லண்டனுக்குள் நடப்பவை. லண்டனுக்குப் பணமும் அதிகம் கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பணத்தை எங்கே போடுவது என்று ஊர் முழுவதையும் பார்த்து முடிவு செய்ய ஒருவர் இருந்தார். மற்ற ஊர்களுக்கு அந்த ஒருவரைத்தான் சட்டம் இல்லாமல் ஆக்கியது.

சரி, இனி ஊர் ஊராக.

லண்டனைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 2003-ல் வந்த ஆய்ஸ்டர் கார்டோ, சாதாரண வங்கிக் கார்டோ போதும், பஸ், டியூப் என்கிற சுரங்க ரயில், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே செல்லும். எத்தனை தடவை தட்டினாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. பஸ் கட்டணம் 2023-ல் 1.75 பவுண்டு ஆனது. அந்த ஒரு கட்டணத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, இல்லாத ஊரில் இருந்து பார்த்தால்தான் தெரியும். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைன் ஏசியோடு, அகலமாக, அமைதியாகப் போகிறது. குறையும் உண்டு. டியூப் பெரும்பாலும் தேம்ஸுக்கு வடக்கேதான். தெற்கு லண்டனின் பல பகுதிகளுக்குப் புறநகர் ரயிலும் பஸ்ஸும்தான் கதி. டூட்டிங் பக்கம் வீடு எடுக்கும் நம்மவர்களுக்கு நார்தர்ன் லைன் டியூப் வாய்த்தது நல்ல விஷயம். ஜூலையில் சென்ட்ரல் லைனில் ஏறினால் வியர்வையில் நனைந்துதான் இறங்க வேண்டியிருக்கும், ஆழத்தில் ஓடும் அந்தப் பழைய லைன்களில் ஏசி கிடையாது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் வாடகை. கார் வைக்காமல் மிச்சம் பிடித்த காசை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார்.

லீட்ஸைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள். மேற்கு ஐரோப்பாவில் மெட்ரோவோ டிராமோ இல்லாத மிகப்பெரிய நகரம் என்று இந்த ஊரை அடிக்கடி சொல்வார்கள். ஒரு காலத்தில் டிராம் ஓடிய ஊர்தான் இது. கடைசி டிராம் 1959 நவம்பரில் நின்றது. 2001-ல் சூப்பர்டிராம் என்ற திட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி தந்தது, செலவு ஏறுகிறது என்று 2005-ல் அதுவே ரத்து செய்தது. சரி, டிராம் வேண்டாம், மேலே மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்ஸாவது கொடுங்கள் என்று ஊர் கேட்டது. 2016-ல் அதற்கும் முடியாது என்றார்கள். லண்டனிலிருந்து லீட்ஸ் வரை வரவேண்டிய அதிவேக ரயில் கிளை 2021-ல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு தடவையும் வரைபடம் போட்டு, ஆய்வு செய்து, கூட்டம் நடத்தி, கடைசியில் லண்டனில் ஒரு அறையில் கையெழுத்து இல்லாமல் போயிற்று. இப்போது மறுபடி டிராம் பேச்சு நடக்கிறது. நான் நம்பத்தான் விரும்புகிறேன்.

அதுவரை பஸ்தான். அதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2024 மார்ச்சில், லீட்ஸ் அடங்கிய மேற்கு யார்க்ஷரின் மேயர் டிரேசி பிராபின், பஸ்களை மறுபடி பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். 2027-லிருந்து படிப்படியாக நடக்கும் என்பது திட்டம். அந்த அம்மாவோடு நடந்த நாற்பது நிமிடத்துக்கு யாரிடம் புகார் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிற ஒருவரிடம் சொல்லலாம் என்ற நிலை வந்தாலே பாதி மாறும்.

மான்செஸ்டர் அந்த வழியில் முன்னால் போய்விட்டது. பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டுக்குப் பழைய காலத்தில் போனவர்களுக்கு நினைவிருக்கும்: நீலம், பச்சை, சிவப்பு என்று பல கம்பெனி பஸ்கள் வாலைப் பிடித்தமாதிரி வரிசைகட்டி நிற்கும். மாணவர் கூட்டம் இருக்கிற ரோடு, காசு அங்கேதான். ஒரு கம்பெனியின் வாராந்திர பாஸை வைத்துக்கொண்டு அடுத்த கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. கண் முன்னால் மூன்று பஸ் போகும், நம்முடையது நாலாவது. அதே நேரம் வெளிப் பகுதிகளில் மாலை ஏழு மணிக்குமேல் ஸ்டாப்பில் ஈ காக்கா இருக்காது. 2017-ல் வந்த பஸ் சேவைச் சட்டம் மேயர்களுக்கு லண்டன் மாதிரி அதிகாரம் எடுத்துக்கொள்ள வழி கொடுத்தது. 2021-ல் மேயர் ஆண்டி பர்ன்ஹாம் அதைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தார். இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. 2023 செப்டம்பரில் போல்டன், விகன் பக்கம் மஞ்சள் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. 2025 ஜனவரி 5-ஆம் தேதி பெருநகரம் முழுக்க ஒரே நிறம், ஒரே பெயர்: பீ நெட்வொர்க். பீ என்றால் தேனீ, மான்செஸ்டரின் பழைய தொழிற்சாலைக் காலத்து உழைப்பாளிச் சின்னம். லீட்ஸில் பிடுங்கிய டிராம் இங்கே 1992-லேயே மெட்ரோலிங்க் என்று திரும்பி வந்து, இப்போது 99 நிறுத்தம் வரை வளர்ந்திருக்கிறது. 2025-லிருந்து பஸ்ஸுக்கும் டிராமுக்கும் ஒரே கார்டைத் தட்டினால் கணக்கு சேர்ந்து வரும். அந்த ஜனவரியில் இங்கிலாந்தின் பஸ் கட்டண உச்சவரம்பு 2 பவுண்டிலிருந்து 3 ஆனபோது, மான்செஸ்டர் 2 பவுண்டிலேயே நின்றது. முடிவெடுக்கும் இடம் ஊருக்குள் இருந்தால் இதுதான் கிடைக்கும்.

மான்செஸ்டரின் பலவீனம் ரயில். நகர மையத்தின் தெற்கு விளிம்பில் காஸில்ஃபீல்டு வழியாகப் போகும் பாதையில் இரண்டே தண்டவாளம். விமான நிலையத்திலிருந்து லிவர்பூல் வரை பல திசை ரயில்களும் அதில் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். ஒன்று ஐந்து நிமிடம் தாமதமானால் பின்னால் வரும் எல்லாம் தாமதம். பிக்கடில்லி ஸ்டேஷனில் கூடுதலாக இரண்டு பிளாட்ஃபார்ம் கட்டுவதாக இருந்தது, கட்டவில்லை. 2018 மே மாதம் புது அட்டவணை வந்தபோது வடக்கு முழுவதும் ரயில்கள் குலைந்துபோனதில் இந்தக் குறுகல் பெரிய காரணம். வடக்கு ரயில்கள் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். பேசர் என்ற ரயில்பெட்டிகள் 1980-களில் பஸ் பாகங்களை வைத்துச் சிக்கனமாகச் செய்தவை. வளைவில் திரும்பும்போது சக்கரம் எழுப்பும் கிறீச்சில் பேச்சே கேட்காது. கொஞ்ச காலத்துக்கு என்று கொடுத்த அந்தப் பெட்டிகளில் வடக்கு மக்கள் 2020 வரை உட்கார்ந்து போனார்கள்.

எடின்பரோவின் கதை வேறு மாதிரி. 1985 சட்டம் மாநகராட்சிகள் தங்கள் பஸ்களைத் தனிக் கம்பெனியாக்க வேண்டும் என்றது. பல ஊர்கள் அந்தக் கம்பெனியை அப்புறம் விற்றுவிட்டன, எடின்பரோ விற்கவில்லை. இன்றும் லோதியன் பஸ் கம்பெனியில் 91 சதவீதம் எடின்பரோ மாநகராட்சியுடையது, மீதி பக்கத்து மூன்று கவுன்சில்களுடையது. சட்டப்படி இதுவும் திறந்த சந்தையில் ஓடும் கம்பெனிதான். ஆனால் லாபம் வந்தால் ஊருக்கு வரும். கருஞ்சிவப்பும் வெள்ளையும் பூசிய பஸ்கள், இரவு பஸ்கள், நாள் உச்சவரம்பு எல்லாம் உண்டு. போதாததற்கு, ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி முதல் 22 வயதுக்குக் கீழ் இருக்கும் எல்லோருக்கும் பஸ் இலவசம், 60 தாண்டியவர்களுக்கும் இலவசம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று போட்டுப் பாருங்கள். டிராம் விஷயத்தில் மட்டும் ஊர் சூடுபட்டது. வருடக்கணக்கில் ரோட்டைத் தோண்டிப்போட்டு, 776 மில்லியன் பவுண்டு செலவில், நினைத்த பாதையில் ஒரு பகுதியை மட்டும் 2014-ல் திறந்தார்கள். மீதி, நியூஹேவன் வரை, 2023-ல்தான் வந்தது.

இங்கிலாந்தில் இதே மாதிரி சொந்த பஸ்ஸை விடாமல் வைத்திருக்கும் ஊர்கள் சில உண்டு. ரெடிங் ஒன்று, நாட்டிங்காம் இன்னொன்று. நாட்டிங்காமில் 2012 முதல், ஊழியர்களுக்குக் கார் நிறுத்த இடம் தரும் பெரிய அலுவலகங்கள் ஒவ்வொரு இடத்துக்கும் வருடாந்திர வரி கட்டவேண்டும். டிராமை நீட்டிக்க அந்தப் பணம் கைகொடுத்தது. புதிதாக ஒரு மாநகராட்சி பஸ் கம்பெனி தொடங்க இங்கிலாந்து ஊர்களுக்கு இருந்த தடையை 2025-ல் நீக்கியிருக்கிறார்கள், அது வரவேற்கவேண்டியது.

கிராமம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காருக்குக் காசு சேர்த்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லாத ஊர்கள் ஏராளம். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாதிரி வசதியான கவுண்டியே 2016-ல் கிராமத்து பஸ்களுக்கான மானியத்தை மொத்தமாக நிறுத்தியது. பராமரிப்பு இல்லங்களில் வேலை கிடைத்து வருகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இல்லங்கள் பல ஊருக்கு வெளியே இருக்கும், ஷிஃப்டு காலை ஏழுக்குத் தொடங்கும், முதல் பஸ் எட்டேகாலுக்கு வரும்.

என்னைக் கேட்டால், தனியாள், சம்பளம் நன்றாக இருக்கிறது என்றால் லண்டன். பிள்ளைகளோடு வந்தால், வேலை கிடைக்கும் பட்சத்தில் எடின்பரோ. இரண்டுக்கும் நடுவில், வாடகையும் தாங்கவேண்டும் பஸ்ஸும் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மான்செஸ்டர், அதுவும் டிராம் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு.

லீட்ஸுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது என்றால், வீட்டைப் பார்க்க சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், அன்றைக்கு எல்லா ரூட்டும் நன்றாகத்தான் ஓடும். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போய், பக்கத்து ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பலகையைப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். என் இரண்டாவது வீட்டை நான் அப்படித்தான் பிடித்தேன். மழையில் நின்றேன், நாலு பஸ் வந்தது, மறுநாள் காலை முன்பணம் கட்டினேன்.