தில்லைநகரில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கான முன்னேற்பாடு

கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லை எடுத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. டொராண்டோவில் ஆகும் செலவை நினைத்து, ஊருக்குப் போகும்போது கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நான், கடந்த ஜனவரியில் நான்கு வார விடுப்பில் திருச்சிக்குச் சென்றபோது அதை முடித்துவிடுவது என்று இருந்தேன்.

முதலில் சென்ற இடத்தில் சிறிய எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, பத்தே நாளில் இம்பிளாண்ட் (பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) பொருத்தி, அதன் மேல் பல் வடிவக் கேப்பும் போட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனாலேயே முன்பணம் கட்டாமல் எழுந்து வந்தேன்.

அடுத்து, தில்லைநகரில் உறவினர் ஒருவர் சொன்ன மருத்துவரிடம் சென்றேன். அவர் வாயைப் பார்ப்பதற்கு முன்பே அரை மணி நேரம் கேள்விகள் கேட்டார். சர்க்கரை, புகைப்பழக்கம், ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றோடு, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்ததுண்டா என்றும் விசாரித்தார். அவற்றில் சில வகைகள் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் அந்தக் கேள்வி.

பிறகு, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியுமே தவிர, அகலம் தெரியாது. திரையில் தாடையைக் குறுக்காக வெட்டியதுபோல் ஒவ்வொரு படமாக நகர்த்தி, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல்லும் குழாயைச் சிவப்புக் கோட்டால் அவர் குறித்துக் காட்டினார். எனக்கு எலும்பின் அகலம் 7 மி.மீ., நரம்புக்கு மேலே உயரம் 12.5 மி.மீ. இருந்தன. 4 மி.மீ. குறுக்களவும் 10 மி.மீ. நீளமும் உள்ள இம்பிளாண்டை வைத்தால் இருபுறமும் ஒன்றரை மி.மீ. எலும்பு மிஞ்சும், நரம்புக்கு மேலே 2 மி.மீ.க்குக் குறையாத இடைவெளியும் இருக்கும் என்று அவர் கணக்கிட்டதைப் பார்த்தபோதுதான், ஸ்கேன் இல்லாமல் துளையிடச் சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

ஆனால் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம் இருந்தது. “அவசரப்படாதீங்க சார், ஏழு வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் ஆறு மாசம் பொறுங்க. சர்க்கரையை ஏழு பக்கத்துல கொண்டு வாங்க” என்றார். மனத்துக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவர் சொன்னது சரி. டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிடிப்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. சுவீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியதும் அதை நம்பித்தான். கீழ்த்தாடையில் அதற்குப் பொதுவாக மூன்று மாதமாவது ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவதே சிரமம்.

எஞ்சிய நாட்களில் ஈறுகளைச் சுத்தம் செய்து, பக்கத்துப் பல்லின் சொத்தையை அடைத்து, எதிர்ப்பல் இல்லாததால் கீழே இறங்கியிருந்த மேல்பல்லின் முனையைச் சற்றுத் தேய்த்துக் கேப்புக்கு இடம் செய்தார்கள். புறப்படும்போது ஸ்கேன் படங்களைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டேன். பொருத்தும் இம்பிளாண்டின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவற்றை அட்டையில் எழுதித் தரவும் மருத்துவர் ஒப்புக்கொண்டார். அந்த விவரம் கையில் இருந்தால்தான் கேப் போடுவதையோ, பின்னாளில் ஸ்க்ரூ தளர்ந்தால் சரிசெய்வதையோ டொராண்டோவில் செய்துகொள்ள வழியிருக்கும்.

சென்ற வாரப் பரிசோதனையில் சராசரி 7.1-க்கு வந்திருக்கிறது. ஜூலைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன்.