அமெரிக்க அரசியலுக்கு வெளிநாட்டுக் கண்கள்: பிபிசி, ஷ்பீகல், அல் ஜசீரா, சீன ஊடகங்கள்

ஃபாக்ஸ் நியூஸ் காட்டும் அமெரிக்கா வேறு, சிஎன்என் காட்டும் அமெரிக்கா வேறு. அதனால்தான் நம்மில் பலர், வெளியே நின்று பார்ப்பவர் என்ன சொல்கிறார் என்று பிபிசி பக்கமோ அல் ஜசீரா பக்கமோ போகிறோம். நல்ல வழிதான். ஆனால் வெளிநாட்டு ஊடகத்துக்கும் ஒரு ஊர் உண்டு, படியளப்பவர் உண்டு, சொந்த வாசகர் உண்டு. அவர்களுக்காகத்தான் அது அமெரிக்காவைப் பார்க்கிறது. ஆகவே, சாய்வு இருக்கிறதா என்று கேட்பதைவிட வேறு இரண்டு கேள்விகளை வைத்து இவர்களை எடைபோடலாம். வாஷிங்டனையும் அதிபரையும் தாண்டி எவ்வளவு தூரம் போகிறார்கள்? தப்பு நடந்தால் என்ன செய்கிறார்கள்?

பிபிசியிலிருந்து தொடங்குவோம். பிரிட்டிஷ் மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது, நடுநிலை காக்க வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்க முறையை ஒன்றுமே தெரியாதவருக்கும் பொறுமையாகச் சொல்லித்தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் போடப்படும் மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகளில் 270 ஏன் முக்கியம், மேலவையான செனட்டில் பெரும்பான்மை இருந்தும் பல மசோதாக்களுக்கு 60 வாக்குகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதெல்லாம் அங்கே தெளிவாகக் கிடைக்கும். பிபிசி தமிழிலும் இந்த விளக்கங்கள் வருகின்றன. குறை என்னவென்றால், எதையும் இரு தரப்புக் கருத்தாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம்.

அந்த பிபிசியே 2024 தேர்தலுக்கு முன்பு, பனோரமா நிகழ்ச்சியில் பெரிய தவறு செய்தது. 2021 ஜனவரி 6 அன்று ட்ரம்ப் பேசிய பேச்சில், 50 நிமிடங்களுக்கும் மேல் இடைவெளி விட்டு வந்த இரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் சொன்னதுபோல ஒட்டிக் காட்டினார்கள். அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததும், காவலர்கள் அடிபட்டதும் உலகமே பார்த்த உண்மை. அதைச் சொல்ல இந்த ஒட்டு வேலை தேவையே இல்லை. விஷயம் 2025 நவம்பரில் வெளியே வந்தபோது, தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தாமதம் என்றாலும், பொறுப்பேற்று இரண்டு பேர் வெளியேறினார்கள்.

ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் வேறு ரகம். சுதந்திர தேவியின் தலையை வெட்டிக் கையில் பிடித்தபடி ட்ரம்ப் நிற்கும் ஓவியத்தை 2017 பிப்ரவரியில் அட்டையில் போட்ட பத்திரிகை அது. நடுநிலை வேடம் அதற்குக் கிடையாது. நீண்ட கட்டுரைகள், அமெரிக்கச் சிற்றூர்களுக்கே போய் எழுதும் செய்தியாளர்கள் என்று என் முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்க வேண்டிய பத்திரிகை. அங்கேதான் மிகப் பெரிய சறுக்கலும் நடந்தது.

க்ளாஸ் ரெலோட்டியஸ் என்ற அதன் நட்சத்திரச் செய்தியாளர், ட்ரம்புக்கு வாக்களித்த ஊர் எப்படி இருக்கிறது என்று பார்க்க, 2017 தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் ஃபெர்கஸ் ஃபால்ஸுக்குப் போனார். வாரக்கணக்கில் தங்கினார். ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்கள் வரக்கூடாது என்று பலகை இருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகையே இல்லை. நகர நிர்வாகி ஒருமுறைகூடக் கடலைப் பார்த்ததில்லை என்று எழுதினார். அதுவும் பொய். இவற்றையெல்லாம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். அவருடைய மற்றப் பொய்களை அம்பலப்படுத்தியவர் ஹுவான் மொரேனோ, அதே ஷ்பீகலின் செய்தியாளர்.

இத்தனைக்கும் கட்டுரைகளைச் சரிபார்க்கவென்றே பெரிய துறை வைத்திருக்கும் பத்திரிகை அது. அந்தக் கட்டுரை எப்படித் தப்பியது? ஜெர்மன் வாசகர் மனதில் ஏற்கெனவே இருந்த அமெரிக்க நாட்டுப்புறம் அப்படியே அதில் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே கவலை தருவது இந்த இடம்தான். எதிரி நாட்டுப் பிரச்சாரத்தை நாம் எச்சரிக்கையோடு படிப்போம். நமக்குப் பிடித்த கருத்தை அழகாகச் சொல்லும் நல்ல பத்திரிகையைப் படிக்கும்போது நமக்கு அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. அங்கே பாதிக்கப்பட்டது ட்ரம்ப் அல்ல, அந்தச் சின்ன ஊரின் ஜனங்கள். ஆனால் ஷ்பீகல் மூடி மறைக்கவில்லை. 2018 டிசம்பரில் தானே செய்தியை வெளியிட்டது, அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது, பிறகு வேறொரு செய்தியாளரை அதே ஊருக்கு அனுப்பியது.

வெளியிலிருந்து பார்ப்பவர் உள்ளே கை வைக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டிஷ் நாளிதழான கார்டியன் ஒரு பாடம். 2004 தேர்தலின்போது, ஒஹாயோவின் கிளார்க் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வாக்காளர்களுக்கு அந்தத் தேர்தலைப் பற்றிக் கடிதம் எழுதும்படி தன் வாசகர்களைத் தூண்டியது. பிரிட்டிஷ்காரர் எங்களுக்குச் சொல்வதா என்று கடும் கோபத்தோடு பதில்கள் குவிந்தன. முந்தைய தேர்தலில் அல் கோர் பக்கம் நின்ற அந்த கவுண்டியில் இம்முறை புஷ் ஜெயித்தார். கடிதங்களால்தான் ஜெயித்தார் என்று நிரூபிக்க முடியாது. பத்திரிகையின் வேலை அதுவல்ல என்பது மட்டும் நிச்சயம். அந்த கவுண்டியின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்ட். 2024 விவாதத்தில், ஹெய்ட்டி குடியேறிகள் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று ட்ரம்ப் ஆதாரமில்லாமல் சொன்னாரே, அதே ஊர்.

அல் ஜசீராவின் பார்வை முழுக்க வேறு திசை. கத்தார் அரசின் பணத்தில் நடப்பதால், கத்தார் சம்பந்தப்பட்ட விஷயங்களில் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் 2024இல் அதன் கண் பட்ட இடம் சரியான இடம். பிப்ரவரியில் மிச்சிகன் உட்கட்சித் தேர்தலில், காஸா போரில் அப்போதைய அதிபர் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர் 'யாருக்கும் உறுதி இல்லை' என்று வாக்களித்தார்கள். அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்பார்ன் நகரை அந்தச் சேனல் விடாமல் பின்தொடர்ந்தது. நவம்பரில் அந்த நகரிலேயே கமலா ஹாரிஸை ட்ரம்ப் முந்தினார். வெளியுறவுக் கொள்கையால் அமெரிக்காவில் ஓட்டு மாறாது என்று நம்பியவர்களுக்கு இது புரியாமல் போயிருக்கும்.

சீன அரசு ஊடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 6 கலவரம் நடந்ததும், 2019இல் ஹாங்காங் சட்டமன்றத்தில் போராட்டக்காரர்கள் நுழைந்த படங்களைப் பக்கத்தில் வைத்து குளோபல் டைம்ஸ் ஒப்பிட்டது. அமெரிக்காவின் இரட்டை நிலைப்பாட்டைக் குத்திக்காட்டும் வேலை அது. துப்பாக்கிச் சாவு, இனப் பாகுபாடு என்று அவர்கள் எடுத்துப் போடும் பலதும் உண்மையான பிரச்சினைகள்தான். ஆனால் கொரோனா கிருமி அமெரிக்க ராணுவ ஆய்வகத்திலிருந்து வந்திருக்கலாம் என்ற ஆதாரமற்ற கதையைப் பரப்பிவிட்டு, அதற்காக யாரும் பதவி விலகவில்லை. ரஷ்யாவின் ஆர்டி சேனலும் இதே இனம். அதன் அமெரிக்கப் பிரிவு 2022 மார்ச்சில் மூடப்பட்டது. பீஜிங் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள இவற்றைப் படிக்கலாம், அமெரிக்காவைத் தெரிந்துகொள்ள அல்ல.

அப்புறம் நம் சேனல்கள். 2024இல் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துக் கோயில் பூஜைக்குக் கேமராக்கள் போயின. கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் என்ற பாசம் நியாயமானது. ஆனால் தேர்தல் முடிவானது பென்சில்வேனியாவில், விஸ்கான்சினில். அதைவிட முக்கியமாக, ட்ரம்ப் ஜெயித்த அடுத்த மாதமே எச்1பி விசாவை வைத்து அவருடைய ஆதரவாளர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. விசாவுக்கு ஆதரவாக எலான் மஸ்க், எதிராக ட்ரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ குடும்பங்களைத் தொடும் அந்தச் சண்டையை இடைப்பட்ட ஒன்பது மாதமும் விடாமல் பின்தொடர்ந்திருக்க வேண்டியவர்கள் நம் ஊடகங்கள்தான்.

தினமும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றால், அடிப்படைக்கு பிபிசி, வெளியுறவு விஷயங்களில் அல் ஜசீரா என்பது என் தேர்வு. ஷ்பீகலின் ஆங்கிலக் கட்டுரைகளை, அவர்கள் போன ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்த பிறகு படியுங்கள். இணையத்தில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.