அப்பாவின் பேரேடும் கும்பகோணம் பைண்டிங் கடையும்

இந்த பைண்டிங் கடை கும்பகோணத்தில் கும்பேஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது, பசை வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய பேரேடு.

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1962 ஜனவரி 27 இரவு பிரதமர் சிறிமாவோவின் அரசைக் கவிழ்க்க ராணுவ, போலீஸ் அதிகாரிகள் திட்டம் போட்டார்கள். முன்னால் நின்றவர் கர்னல் எஃப். சி. டி சேரம். ராணுவத் தொண்டர் படை அதிகாரி, சிலோன் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன். திட்டம் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரி தன் மாமனாரிடம் சொல்ல, மாமனார் எம்.பி., அதோடு முடிந்தது கதை. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அந்த வழக்குச் செய்திகளை எல்லாம் அப்பா வெட்டி ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். ஓரிடத்தில் ‘மாமனார்!’ என்று மட்டும்.

முதலில் மன்னார்குடியில் ஒரு கடையில் கேட்டேன். ஓட்டை போட்டு ஸ்பைரல் போட்டுவிடலாம் என்றார்கள். ஓட்டை விழுகிற இடத்தில்தான் அப்பாவின் கையெழுத்து. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே பெரியவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். “இதை மெஷின்ல வெட்டக் கூடாதும்மா, பென்சில் போயிடும்” என்று அவரே சொன்னார். ஒட்டிய தாள்கள் உப்பியிருந்ததால், முதுகுப் பக்கம் விரல் அகலத்துக்குக் காகிதப் பட்டி வைத்துக் கையால் தைத்தார். அதனால் புத்தகம் வாய் பிளக்காமல் படுத்துக்கொள்கிறது. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம். மேலே கறுப்புக் காலிகோ துணி, தங்க எழுத்தில் ‘சிலோன் 1962’.

ஒன்பது நாள் ஆனது. ஐந்து நாள் என்று சொன்னார். இரண்டு தடவை பஸ் ஏறி வந்து திரும்பினேன், அது கஷ்டம்தான். போன் செய்துவிட்டுப் போங்கள். 450 ரூபாய் கேட்டார், குறைக்கச் சொல்ல மனசு வரவில்லை.

அப்புறம் ஒன்று. அப்பாவின் வெட்டுகள் 1965 ஏப்ரலில், குற்றவாளிகள் என்று முடிவான பதினொரு பேருக்கும் பத்து வருஷம் கடுங்காவல் என்ற தீர்ப்போடு நின்றுவிடுகின்றன. மே மாதம் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். “முடிவு இல்லையா?” என்று பெரியவர் கேட்டார். டிசம்பரில், அப்போது சிலோனுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இவர்களைத் தண்டிக்கவென்றே எழுதிய சட்டம் நீதிமன்றத்தின் அதிகாரத்தில் கைவைக்கிறது, அது செல்லாது என்று சொல்லி விடுதலை செய்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தகம் கைக்கு வந்தபோது கடைசியில் எட்டு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்திருந்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அன்றிரவே முதல் வெள்ளைத் தாளில் விடுதலைச் செய்தியை எழுதினேன், பென்சிலால்.