ஸ்டொக்ஃபிஷ் பல வருடம் பாவித்த பிறகு: டக்டிக்ஸை அது தேடுகிற விதம்

இலவசம் என்பதால்தான் ஸ்டொக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமை முதலில் எடுத்தேன். இன்றைக்கும் வேறொன்றுக்கு மாற மனம் வரவில்லை. பழைய அன்ரொயிட் போனில் டிரொயிட்ஃபிஷ் செயலிக்குள் ஓடுகிறது, இன்டர்நெட் தேவையில்லை. இது சின்ன விசயம் இல்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற கட்டத்தில், திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கம் பின்னேரங்களில் என்னிடம் செஸ் பழக வருகிற பிள்ளைகளின் ஆட்டங்களை இந்த ஒரு போனை வைத்துத்தான் திருப்பிப் பார்த்தோம்.

அது எவ்வளவு பலமானது என்று எழுத வரவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஒரு நிலையில் இருக்கிற டக்டிக்ஸை, அதாவது சில நகர்வுகளில் காயையோ ஆட்டத்தையோ வெல்கிற வழிகளை, எப்படித் தேடுகிறது, எங்கே சட்டென்று பிடிக்கிறது, எங்கே தாமதிக்கிறது என்பது விளங்கினால்தான் யாருக்கு எவ்வளவு சாதகம் என்று திரையில் வருகிற எண்ணை எப்போது நம்பலாம் என்று தெரியும். பாவிக்கிறவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் கவலை.

நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் வரை இருக்கும். இரு பக்கமும் இரண்டிரண்டு நகர்வு பார்த்தாலே 15 லட்சம் நிலைகள். ஆனால் நான் ஒரு நகர்வு வைக்க, எதிராளி என் ராணியைச் சும்மா வெட்டுகிற ஒரு பதில் கிடைத்துவிட்டால், அவருடைய மற்ற 34 பதில்களையும் பார்த்து என்ன பயன்? அந்த நகர்வு அங்கேயே கழிந்துவிடும். இப்படிக் கழிக்கிற முறைக்குப் பெயர்தான் அல்ஃபா-பீட்டா. கணினி விஞ்ஞானிகள் குனூத்தும் மூரும் 1975இல் வெளியிட்ட ஆய்வின்படி, நல்ல நகர்வு எப்போதும் முதலில் பார்க்கப்பட்டால் அந்த 15 லட்சம் ஏறத்தாழ 2,450 ஆகச் சுருங்கிவிடும். அதாவது எல்லாம் வரிசையில் இருக்கிறது. அதனால் முந்தின தேடலில் நல்லதாக வந்த நகர்வை முதலில் பார்க்கும், பிறகு வெட்டுகள், அதிலும் பெரிய காயைச் சின்னக் காயால் வெட்டுவதற்கு முன்னுரிமை, பிறகுதான் அமைதியான நகர்வுகள். பிள்ளைகள் மணிக்கணக்கில் மூளையைக் கசக்கும் புதிர்களில் பாதியை இது கண்மூடித் திறக்கும் முன் சொல்வதற்குக் காரணம் இதுதான். கோட்டையைக் கொடுத்துச் செக் வைப்பது நமக்குப் பயமான நகர்வு, அதற்கு வரிசையில் முன்னால் நிற்கிற இன்னொரு நகர்வு, அவ்வளவுதான்.

அடுத்தது, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. குறித்த ஆழத்தில், அதாவது இத்தனை நகர்வு வரைதான் என்று, டக்கென்று நிறுத்தினால், என் ராணி ஒரு சிப்பாயை வெட்டிய இடத்தில் கணக்கு முடிந்து லாபம் என்று காட்டும், அடுத்த நகர்விலேயே ராணி போவது தெரியாது. கணினிச் செஸ் ஆய்வாளர் ஹான்ஸ் பெர்லினர் இதற்கு அடிவான விளைவு என்று பெயர் வைத்தார். இதைச் சமாளிக்க, ஆழம் முடிந்த இடத்திலும் வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நிலை அமைதியாகும் வரை போகிறது, ராஜாவுக்குச் செக் இருந்தால் தப்புகிற வழிகளையும் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் மதிப்பெண். 2020இல் வந்த 12ஆம் பதிப்பில் இருந்து அந்த மதிப்பெண்ணைப் போட ஏராளமான நிலைகளைக் காட்டிப் பழக்கிய ஒரு சின்ன நரம்பியல் வலையும் வந்துவிட்டது, யூ நாசு ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக 2018இல் கண்டுபிடித்தது. ஆட்டம் நிறையவே மெருகேறியது உண்மை, ஆனால் டக்டிக்ஸைக் கண்டுபிடிக்கிற வேலை இன்னமும் தேடலுடையதுதான்.

சரி, எங்கே தாமதிக்கிறது? வெட்டும் இல்லாத, செக்கும் இல்லாத நகர்வில். வரிசையில் பின்னால் வருகிற அமைதியான நகர்வுகளை அது குறைந்த ஆழத்தில் மேலோட்டமாகத்தான் முதலில் பார்க்கும், அங்கே ஏதாவது தென்பட்டால் மட்டும் முழு ஆழத்துக்கு மறுபடி தேடும். இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் இவ்வளவு ஆழத்துக்குப் போகவே முடியாது, அதைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் 1998 லினாரெஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டொப்பலோவுக்கு எதிராக ஷிரோவ் 47ஆவது நகர்வாகத் தன் பிஷப்பை ஒரு சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைத்தாரே, அப்படிப்பட்ட நகர்வுக்கு இந்த முறை இடைஞ்சல்தான். அங்கே வெட்டு இல்லை, செக் இல்லை, கொடுத்த காய்க்கு உடனே எதுவும் திரும்பி வருவதுமில்லை, ராஜா நடுவுக்கு ஓட ஒரு நகர்வு நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புரோகிராம்கள் அதில் திணறின. இன்றைய ஸ்டொக்ஃபிஷ் பிடித்துவிடும், ஆனாலும் பழைய போனில் இந்த வகை நிலைகளில் எண் கொஞ்ச நேரம் தடுமாறுவதைப் பார்க்கலாம்.

என்னிடம் வருகிற பெடியன் ஒருவன் கேட்டான்: "சேர், முதல் மைனஸ் எண்டு காட்டினது, இப்ப ப்ளஸ் எண்டு காட்டுது, எதை நம்புறது?" இரண்டாவதைத்தான். ஆழம் ஒவ்வொன்றாய்க் கூடக் கூட அது முடிவை மாற்றிக்கொண்டே போகும், முதல் இரண்டு வினாடியில் வருவது முதல் பார்வை மட்டும். எனக்குக் கைகொடுக்கிற வழி ஒன்று உண்டு. ஒரு நகர்வில் ஏதோ இருக்கிறது என்று பட்டால், அதைப் பலகையில் நானே வைத்துவிட்டு அங்கிருந்து தேட விடுவேன். அப்போது அந்த நகர்வு மேலோட்டமாகப் பார்க்கப்படுகிற கூட்டத்தில் இல்லை, அதற்குப் பின்னால் உள்ளது முன்னையை விட ஆழமாய்த் தேடப்படும். பிறகு ஒரு நகர்வு பின்னுக்கு வந்தால், கண்டது, பார்த்த நிலைகளைச் சேமித்து வைக்கிற ஹேஷ் நினைவகத்தில் இருப்பதால் பெரும்பாலும் முன்னையை விடச் சீக்கிரம் பிடித்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. போன் கொதிக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலையின் வெக்கையோடு சேர்ந்தால் சொல்ல வேண்டாம், சூடேறிய போன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வினாடிக்குப் பார்க்கிற நிலைகளின் எண்ணிக்கை கண்ணுக்கு முன்னால் சரியும். ஃபேனுக்குக் கீழே வைத்து, உறையைக் கழற்றிவிட்டுப் பாவிக்கிறேன். ஏன் என்று விளக்காது என்பது இன்னொரு குறை, நகர்வுகளின் வரியை மட்டும் தரும், ஏன் மற்றது தோற்கிறது என்பதை நாமே மற்றதை வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். லீலா என்ற இன்னொரு செஸ் புரோகிராமையும் முயன்று பார்த்தேன். அது மிகக் குறைவான நிலைகளை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் பெரிய வலையால் மதிப்பிடுகிறது, அதனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும். எங்கள் போன்களுக்கு அது சரிவராது.

புதிதாகப் போடுகிறவர்கள் காட்டும் வரிகளை இரண்டாக வையுங்கள். ஐந்து வைத்தால் பார்க்க ஆசையாய் இருக்கும், ஆனால் ஐந்துக்கும் சரியான மதிப்பெண் போட வேண்டியிருப்பதால் ஆழம் ஏறவே ஏறாது. ஹேஷை போனின் நினைவகம் தாங்குகிற அளவுக்குக் கூட்டுங்கள், பேட்டரி முக்கியம் என்றால் ஒரே நேரத்தில் ஓடுகிற தேடல்களின், அதாவது திரெட்களின், எண்ணிக்கையைக் குறையுங்கள். நான் இரண்டு திரெட்டோடு ஓட்டுகிறேன், பின்னேர வகுப்பு முடியும் வரை சார்ஜ் தாக்குப்பிடிக்கிறது.