மைஎஸ்க்யூஎல் 8.0: வாடகை சர்வரில் இடத்தை யாருக்கு எவ்வளவு என்று கட்டுப்படுத்த முடியுமா?

ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸை வைத்து நடத்துபவர்களுக்கான கேள்வி இது. யூசருக்கு மணிக்கு எத்தனை குவெரி, எத்தனை அப்டேட், ஒரே நேரத்தில் எத்தனை கனெக்‌ஷன் என்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளில் கணக்காக வரம்பு வைக்கலாம். டிஸ்க் இடத்துக்கு மட்டும் வரம்பு கிடையாது. ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு வரியில் முடிகிற வேலை! லினக்ஸின் யூசர் கோட்டாவும் உதவாது. ஃபைல்கள் எல்லாம் மைஎஸ்க்யூஎல் என்ற சிஸ்டம் யூசர் பெயரில் இருப்பதால் வாடிக்கையாளர் கணக்கில் ஒரு பைட்கூட ஏறாது.

பலரும் செய்வது, குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரானில் அளவெடுத்து, மீறியவரிடமிருந்து இன்சர்ட், அப்டேட், கிரியேட் உரிமைகளைப் பிடுங்குவது. முதல் கோளாறு அளவிலேயே. டேபிள் விவரங்களைத் தரும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா காட்டும் டேபிள் அளவு 86,400 விநாடி வரை, அதாவது ஒரு நாள் பழையதாக இருக்கலாம். இந்தக் காலக்கெடுவை, அதாவது ஸ்டாட்ஸ் எக்ஸ்பைரியை 0 ஆக்கிவிட்டு அளக்க வேண்டும்.

அடுத்தது அதைவிட மோசம். வாடிக்கையாளர் பயந்துபோய் லட்சம் வரிசைகளை டெலீட் செய்கிறார். டேபிளின் டேட்டா இருக்கும் ஐபிடி ஃபைல் ஒரு எம்பிகூடக் குறையாது. காலியான பக்கங்களை மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அடுத்த தடவைக்கென்று வைத்துக்கொள்ளும். ஃபைல் சுருங்க டேபிளைப் புதிதாகக் கட்டும் ஆப்டிமைஸ் டேபிள் கட்டளை ஓட வேண்டும். அதற்கு இன்சர்ட் உரிமை வேண்டும். பிடுங்கியதே அதைத்தான்! உரிமை இல்லை என்கிற 1142 பிழையோடு டிக்கெட் போடுவார். டிராப் உரிமையை விட்டுவைத்திருந்தால் லாக் டேபிள்களையாவது டிரங்கேட் செய்து, அதாவது மொத்தமாகக் காலி செய்து, இடத்தை உடனே மீட்கலாம்.

உருப்படியான வழி, லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் உள்ள புராஜெக்ட் கோட்டா. டேட்டா டைரக்டரியைத் தனிப் பார்ட்டிஷனில் வைத்து, பிஆர்ஜேகோட்டா ஆப்ஷனுடன் மவுன்ட் செய்து, ஒவ்வொரு டேட்டாபேஸ் ஃபோல்டருக்கும் வாடிக்கையாளரின் புராஜெக்ட் எண்ணைக் கொடுங்கள். ஃபைல் யார் பெயரில் இருந்தாலும் ஃபோல்டரை வைத்தே கணக்கு. வரம்பு முட்டினால் அவருக்கு மட்டும் 'டேபிள் ஃபுல்' என்று 1114 பிழை வரும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. டேபிளுக்கு ஒரு ஃபைல் என்ற அமைப்பு ஆனில் இருப்பது அவசியம். 5.6.6 முதல் அது தானாகவே ஆன்.

வரம்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஆப்டிமைஸ் ஓடும்போது அதே ஃபோல்டரில் டேபிளின் முழு நகல் உருவாகும். 500 எம்பி பிளானில் பெரிய டேபிள் 300 எம்பி என்றால் சாஃப்ட் (எச்சரிக்கை) வரம்பு 500, ஹார்ட் (தாண்டவே முடியாத) வரம்பு 800 வையுங்கள். சாஃப்ட்டைத் தாண்டினால் இயல்பாக 7 நாள் அவகாசம். அதற்குள் சுத்தம் செய்யச் சொல்லி மெயில் போடுங்கள்.

டேட்டா மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக் எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் வராது. 8.0-இல் அது தானாகவே ஆனில் இருக்கும், 30 நாள் சேரும். ரெப்ளிகா (நகல் சர்வர்) இல்லாத சர்வரில், தினசரி பேக்கப் எடுப்பவர்களுக்கு 3 நாள், அதாவது 2,59,200 விநாடி தாராளம்.