ஜூனில் வஞ்சிரம் கேட்டால் "இல்லை" என்று சொல்லும் மீன்கடை: லூப் ரோடு மார்க்கெட்

ஜூன் முதல் வாரத்தில் போய் வஞ்சிரம் கேட்டால், "இல்ல தம்பி, பதினஞ்சாந் தேதிக்கு மேல வா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிற கடை ஒன்று சென்னை மெரினா பக்கத்து லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நொச்சிக்குப்பத்து அக்கா ஒருவர் நடத்துகிறார், அவர் வீட்டுக்காரரும் மகனும் சின்ன பைபர் படகில் போய்ப் பிடித்து வருவதுதான் பெரும்பாலும் அங்கே விற்கும். கொஞ்ச வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன், அந்த அரை ஏன் குறைகிறது என்று பிறகு சொல்கிறேன்.

மீனின் தரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சங்கரா, கிழங்கா, காரப்பொடி, மத்தி, கானாங்கத்தை, நண்டு என்று அன்றைக்கு வலையில் எது விழுந்ததோ அதுதான் பலகையில் இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்கும், தூக்கிப் பார்த்தால் அக்கா கோபப்படவும் மாட்டார். விலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைவிடக் கொஞ்சம் கூட, ஏசி போட்ட கடைகளைவிடக் குறைவு.

என்னை எழுத வைத்தது தடைக்காலம்தான். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள், அதாவது பெரிய இயந்திரப் படகுகள், கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான நேரம் அது. தமிழ்நாட்டில் இது 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இலிருந்து 61 நாளானது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கேரளா, மங்களூர் பக்கத்திலிருந்து லாரியில் ஐஸ் போட்டு மீன் வந்து சென்னையைச் சமாளிக்கிறது. ஜூன் 1 ஆனதும் அந்தப் பக்கமும் மூடத் தொடங்கிவிடும், கேரளாவின் கரையோரக் கடலில் மட்டும் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும், ஆக ஜூன் 14 வரை இரண்டு கடலிலும் விசைப்படகு மிகக் குறைவு. அந்த இரண்டு வாரத்தில் யாராவது பெரிய வஞ்சிரத்தை "இன்னைக்குக் காலையில பிடிச்சது" என்று குவித்து வைத்திருந்தால், எந்தப் படகு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கரையோரம் போகும் பைபர் படகுக்குத் தடையில்லை, அதில் ஒன்றிரண்டு மாட்டலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் முழுக்க விற்கிற அளவுக்கு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்துதான் வரும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. போன வருஷத் தடைக்காலத்தில் மீனை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு ஆப்பில் வஞ்சிரம் வாங்கினோம், வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். படத்தில் உள்ளங்கையை மூடும் அளவுக்கு துண்டு, வந்தது அதில் பாதிகூட இல்லை, நன்றாக வளராத மீனை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எந்தத் துறைமுகத்து மீன், எப்போது பிடித்தது என்று கேட்டு எழுதினேன். பணத்தைத் திருப்பிப் போட்டார்கள், கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. எனக்குப் பணம் முக்கியமில்லை, அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

ஏனென்றால் வஞ்சிரம் ஏறக்குறைய எழுபது சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தொடங்குகிறது. அதற்கு முன்னாலேயே பிடித்து வெட்டிவிட்டால் அந்த மீன் ஒரு தடவைகூடக் குஞ்சு விடாமல் போய்விடுகிறது. கேரளாவில் இதற்கென்றே பிடிக்கும் மீனுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள். 2015இல் 14 வகை மீன்களுக்கு அறிவித்தார்கள், 2017இல் அதை 58 வகையாக்கினார்கள். மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், கானாங்கத்தை 14, வஞ்சிரம் 50. அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டு விதியில் விசைப்படகு இழுத்துப் போகும் இழுவலையின் மடியில், அதாவது மீன் போய்ச் சேரும் பின்பையில், கண்ணி (வலைத் துளை) 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது, குஞ்சுகள் தப்பிப் போகட்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல விதிதான். ஆனால் கடலுக்குள்ளே ஒவ்வொரு வலையையும் யார் அளந்து பார்ப்பது? கரையில் குஞ்சு மீனுக்கு விலை கிடைக்கிறவரை கண்ணி சின்னதாகத்தான் ஆகும்.

இங்கேதான் அந்த அக்காவின் கடை எனக்குப் பிடிக்கிறது. பக்கத்துப் பலகையில் சின்ன வஞ்சிரம் மலிவாகக் கிடக்கும்போது நான் திரும்பிப் பார்த்தால், "அது குஞ்சு தம்பி, விட்ரு. சங்கரா எடுத்துக்க, கொழம்புக்கு நல்லாயிருக்கும்" என்பார். சினை நண்டு வலையில் வந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறார், வயிற்றுக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் நண்டை அவர் கூடையில் நான் பார்த்ததே இல்லை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த சமயம் அம்மா பால் சுறா வாங்கி வரச் சொன்னார், புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்று. அக்கா காரப்பொடியை அள்ளிப் போட்டு, "இதுவும் பிள்ள பெத்தவங்களுக்குக் குடுக்கறதுதான், ரசம் வச்சுக் குடு" என்று அனுப்பினார். சுறா மற்ற மீன் மாதிரி லட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை, பால் சுறா கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுமந்து ஒரு சில குட்டிகள்தான் போடும். அது சீக்கிரம் குறைந்துபோவதற்கு இதுவே காரணம். பால் சுறா விற்பது குற்றமில்லை. ரம்பம் மாதிரி நீண்ட மூக்கு உள்ள வேளா மீன் அப்படி இல்லை, அது வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது, எங்கேயாவது பார்த்தால் வாங்காதீர்கள்.

அக்காவுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒருநாள் கேட்டேன். அவர் இனப்பெருக்கம் பற்றியெல்லாம் பேசவில்லை, வலையைப் பற்றிப் பேசினார். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், சின்னப் படகுகளுக்கு என்று 1983ஆம் வருஷத்துச் சட்டமே ஒதுக்கியிருக்கிறது. அதற்குள்ளே விசைப்படகு வந்து மடியை இழுத்துவிட்டுப் போனால் இவர்கள் வலை அறுந்துபோகும், மீனும் போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோதும் கரைக்குப் பக்கத்தில் இழுக்கும் வலைகளைப் பற்றித்தான் பேச்சு எழுந்தது. ஆமை மூச்சுவிட மேலே வர வேண்டும், வலைக்குள் மாட்டினால் வர முடியாது. விதியை மதிக்கிற மீனவருக்கு விதி உடைவதால் வரும் நஷ்டம்தான் முதல் நஷ்டம். இது எனக்கு அவரிடம் பேசிய பிறகுதான் உறைத்தது.

கட்டுப்பாடு என்றாலே அதிகாரிகள் மேலிருந்து போடுவது என்றும் நினைக்க வேண்டாம். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 61 நாளுக்கு அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். தடைக்காலத்தின் சுமையை உண்மையில் தூக்குவது விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் இரண்டு மாசம் கரையில் உட்கார்ந்திருக்கும்போது நாம் இரண்டு வாரம் வஞ்சிர வறுவல் இல்லாமல் இருக்க முடியாதா?

சரி, குறைந்த அந்த அரை மதிப்பெண். மீன் வெட்டித் தர ஒரே ஒரு ஆள், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும். துண்டுகளை ஒரே தடிமனில் போட மாட்டார், வறுப்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி வெட்ட வையுங்கள். போனில் ஆர்டர் கிடையாது. கடல் மோசமாக இருந்தால் கடையே இருக்காது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

காலை ஏழரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மத்தியும் காரப்பொடியும்தான் மிஞ்சியிருக்கும். சாந்தோம் பக்கத்திலிருந்து வந்தால் உள்ளே நுழைந்து கடல் பக்கத்து வரிசை, நீல பிளாஸ்டிக் கூடைகள். இன்ன மீன் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போகாமல், இன்றைக்கு என்ன நல்லாயிருக்கிறது அக்கா என்று கேளுங்கள்.